மூன்று பட்டையும் ஒரு ஜாங்கிரியும்

அன்புள்ள மதி,

நீயாகக் கண்டுபிடித்துத் திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது உத்தமம். உன் கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்கு முன்னால் ‘கேப்டன்’ என்று போட்டு அச்சடித்துவிட்டேன். தங்க எழுத்தில். மாப்பிள்ளை பெயரைவிட ஒரு சுற்றுப் பெரிதாக. அச்சகத்துக்காரர் நல்ல மனிதர், “சார், பொண்ணு பேரு பெருசா இருந்தா மாப்பிள்ளை வீட்ல ஏதாவது சொல்லுவாங்க” என்று எச்சரித்தார். “அவரு தரையில வேலை பாக்குறவரு, இவ ஆகாசத்துல பாக்குறா. எழுத்து அதுக்குத் தக்கனதான் இருக்கும்” என்றேன் நான். இந்த வசனம் எனக்கே பிடித்துப்போய், பத்திரிகை கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் சொன்னேன். கும்பகோணத்தில் சிரித்தார்கள். தஞ்சாவூரில் காபி கொடுத்தார்கள். திருப்பனந்தாளில் உன் அத்தை மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, “கேப்டன் இவள்னா வண்டிய ஓட்டுறது யாரு?” என்று கேட்டாள். நான் அப்போது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நீ ஒன்றாம் வகுப்பிலேயே என் கையெழுத்தைப் பார்த்து ‘மண்புழு’ என்று சொன்னவள். ஆகவே இதைக் கையால் எழுதி, ஆபீசில் டைப் அடிக்கக் கொடுத்து, அடித்ததைத்தான் உனக்கு அனுப்பப் போகிறேன். போனில் சொல்லலாம். ஆனால் போனில் நீ மௌனமாகிவிடுகிறாய். உன் மௌனத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காகிதம் என்றால் குறுக்கே பேசாது.

என் மேல் முழுத் தப்பும் இல்லை என்று வாதாட ஒரே ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். சித்திரையில் நீ லீவுக்கு வந்தபோது சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “ஆடிக்குள்ள நாலாவது பட்டை வந்துடும்ப்பா, ஆவணில கல்யாணத்த வச்சுக்கலாம்” என்று சொன்னவள் நீதான். தோளில் மூன்று பட்டை என்றால் கோ-பைலட், நான்கு என்றால் கேப்டன் என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் பாடம் எடுத்ததும் நீதான். இந்தப் பட்டைக்காக இரண்டு முறை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாய். மாப்பிள்ளை பாவம், இரண்டு முறையும் “சரிங்க மாமா” என்றார். அந்தச் ‘சரிங்க’வின் நீளம் இரண்டாம் முறை கொஞ்சம் குறைந்திருந்தது. அதைக் கேட்டுப் பயந்துதான், மூன்றாம் முறை எதுவும் தள்ளிப்போகாதபடி முகூர்த்தத்தையும் பட்டையையும் சேர்த்தே அச்சில் ஏற்றிவிட்டேன். அச்சில் ஏறினால் நடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவனுக்கு இந்த நம்பிக்கை எப்படி மிச்சமிருந்தது என்று கேட்காதே.

அதற்குப் பிறகுதான் உன் போன் வந்தது. “அப்பா, லிஸ்ட் நகரல” என்றாய். எனக்கு முதலில் மளிகை லிஸ்ட் என்றுதான் தோன்றியது. “அறுபதுல போகவேண்டிய கேப்டன்களை அறுபத்தஞ்சு வரைக்கும் வச்சுக்கறதா கம்பெனி முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு முன்னாடி இருக்கற யாரும் எழுந்திரிக்கல. அறுபத்தேழு ஆக்கணும்னு வேற வெளிநாட்ல பேசிக்கிட்டிருக்காங்க.”

“பறக்கற மணிக் கணக்கெல்லாம் சேந்துடுச்சும்மா உனக்கு?”

“சேந்துடுச்சு.”

“பரீட்சை?”

“பாஸ் பண்ணியாச்சு.”

“அப்புறம் என்னதான் குறை?”

“நாற்காலிதாம்ப்பா குறை.”

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடினால் நான் யார்? “சரி போ, உனக்கும்தான் அறுபத்தஞ்சு வரைக்கும் வேலை உண்டு. எல்லாருக்கும் தள்ளிப்போகுது. யாருக்கு நட்டம்?” என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் இரண்டு தடவை ஹலோ சொன்னேன். பிறகு நீ மெதுவாகச் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. “நான் பொண்ணுப்பா. கேப்டன் ஆனப்புறம் குழந்தை பெத்துக்கிட்டா, திரும்பி வந்து கேப்டனா உக்காரலாம். இப்ப வயித்துல ஒண்ணுன்னு தெரிஞ்சா தரையில இறக்கிடுவாங்க. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழிச்சு வந்தா மறுபடி பயிற்சி, மறுபடி பரீட்சை. அதுக்குள்ள என் முறை வந்து என்னைத் தாண்டிப் போயிருக்கும். கடைசில அஞ்சு வருஷம் கூடக் குடுத்தா அதை வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது?”

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உன் அம்மா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். நட்டம் யாருக்கு என்று கேட்டேன் இல்லையா, அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை அந்தக் கத்தரிக்காயும் தாங்கியிருக்காது.

அதைவிட என்னைப் படுத்துவது நீ போகிறபோக்கில் சொன்ன இன்னொரு விஷயம். அறுபது தாண்டிய இரண்டு பேர் ஒன்றாக விமானம் ஓட்டக் கூடாதாம். ஒருவர் தாண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் அறுபதுக்குள் இருக்க வேண்டுமாம். அதாவது, உன் நாற்காலியைக் காலி செய்யாத பெரியவர், பக்கத்தில் நீ உட்கார்ந்தால்தான் பறக்கவே முடியும். அவர் எழுந்திருக்காமல் இருப்பதற்கு நீயே துணை. “அவரைத் திட்டவாவது செய்யேன்” என்றேன். “அவர் நல்லவர்ப்பா. மழைல எப்படி இறக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவர்தான். வீட்லேந்து புளியோதரை கொண்டுவந்து பாதி எனக்குத் தர்றாரு. கோவம்கூட வர மாட்டேங்குது” என்றாய். கோபம் வந்தால் ஒரு வழி பிறக்கும். புளியோதரை சாப்பிட்டுக்கொண்டு எப்படிக் கோபப்படுவது?

இந்தப் பக்கத்து ஆளுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: யாரைப் பார்க்கணும்? டிரான்ஸ்ஃபர் என்றால் ஒருவர், பட்டா என்றால் ஒருவர், பள்ளிக்கூட சீட்டு என்றால் ஒருவர். நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நம் ஒன்றியச் செயலாளரைப் பார்க்கப் போனேன். அவர் பெஞ்சில் இடம் கொடுத்தார்.

“சொல்லுங்க சூப்பிரண்டு சார், யாருக்கு என்ன வேணும்?”

“பொண்ணுக்கு ஒரு ப்ரமோஷனுங்க.”

“எந்த டிபார்ட்மென்ட்?”

“ஏரோப்ளேன்.”

அவர் வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். “சத்துணவுன்னா சொல்லுங்க, ரேஷன் கடைன்னா சொல்லுங்க. ஆகாசம் நம்ம ஒன்றியத்துல வரலீங்களே” என்றார். நான் விஷயத்தை விளக்கினேன். பெரியவர்கள் எழுந்திருக்கவில்லை, சின்னவர்கள் உட்கார முடியவில்லை என்றேன். உடனே உருகிவிட்டார். “அட, இதையா சொல்றீங்க! நம்ம இளைஞரணி அமைப்பாளருக்குப் போன மாசம் பேரன் பொறந்தான். அவரு எழுந்தா நான், நான் எழுந்தா இன்னொருத்தன். யாரு எழுந்திரிக்கிறா?” என்று தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. “அப்ப பாப்பா இன்னும் கேப்டன் இல்லையா? ப்ளெக்ஸ் வச்சுட்டனே!”

ஆமாம் மதி, இது இரண்டாவது வாக்குமூலம். பாபநாசம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ‘விண்ணை ஆளும் டெல்டாவின் சிங்கப்பெண் கேப்டன் மதிவதனி அவர்களின் திருமண விழாவுக்கு’ என்று ஒரு ப்ளெக்ஸ் இருக்கிறது. அதில் அவர் முகம் பூசணிக்காய் அளவு, உன் முகம் எலுமிச்சம்பழ அளவு. நான்தான் உன் போட்டோ கொடுத்தேன். “இறக்கிடலாங்களா?” என்று கெஞ்சினேன். “இப்ப இறக்குனா தப்பா போட்டேன்னு எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான் சார். பாப்பா கேப்டன் ஆகற வரைக்கும் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். ஐந்து வருடம் தாங்குகிற துணியா அது என்று தெரியவில்லை.

நான் ஏன் இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். காலேஜ் நாளில் நான் இப்படி இல்லை. ஊரெல்லாம் நிலத்துக்காகச் சண்டை நடந்த காலத்தின் கடைசி வால் அது. உன் தாத்தாவின் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்த கோவிந்தசாமியை எழுப்ப முடியாது என்று சட்டம் வந்துவிட்டது. தாத்தா கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக அலைந்துகொண்டிருந்தார். நான் கும்பகோணத்தில் ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்று ‘உழுதவனுக்கே நிலம்’ என்று தொண்டை கிழியக் கத்தினேன். தாத்தா அன்று வாய்தா முடிந்து அந்த வழியாகத்தான் வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும், “யாரு நிலத்தடா குடுக்கச் சொல்லிக் கத்துன?” என்றார். “மிராசுதாருங்க நிலத்த.” “அது நம்ம நிலம்டா மடப்பயலே” என்றார். அன்றைக்கு நான் சாப்பிட்ட சோறு கோவிந்தசாமி அளந்த குத்தகை நெல்லில் வந்தது. கடைசியில் நிலம் கோவிந்தசாமிக்கே போயிற்று. அது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தச் சண்டையில் ஒரு வசதி இருந்தது: உழுதவன் ஒருவன், உட்கார்ந்து சாப்பிட்டவன் ஒருவன். எந்தப் பக்கம் கத்துவது என்று தெரிந்தது. உன் விஷயத்தில் நீயும் உழுகிறாய். ஒரு தடம் அவர் ஓட்டினால் அடுத்த தடம் நீ ஓட்டுகிறாய். அவரும் நாற்பது வருடமாக உழுகிறார். இரண்டு பேரும் உழவர், நாற்காலி ஒன்று. இதற்குக் கோஷம் எழுத என்னாலும் முடியவில்லை.

‘என் முறை’ என்று நீ சொன்னாய் பார், அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். வாய்க்காலில் தண்ணீர் போதாதபோது இன்றைக்கு இந்த ஊருக்கு, நாளைக்கு அந்த ஊருக்கு என்று மாற்றிவிடுவது முறை. யாரை யார் கட்டலாம் என்பதும் முறை. நியாயத்துக்கும் முறை என்றுதான் பெயர். பாசன அலுவலகத்தில் நான் வாழ்நாள் முழுக்க எழுதியது இந்த முறைப் பட்டியலைத்தான். தலைமடைக்காரன் மதகுக்குப் பக்கத்தில் இருக்கிறான். அவன் வயல் நிரம்பினால்தான் வாய்க்கால் கோடியில் இருக்கிற கடைமடைக்குத் தண்ணீர். தலைமடைக்காரன் கெட்டவனே இல்லை. “இன்னும் ரெண்டே ரெண்டு நாளு சார், பயிரு பால் பிடிக்குது” என்பான். உண்மையைத்தான் சொல்வான். நானும் இரண்டு நாள் கூட்டி எழுதுவேன். கடைமடைக்காரனிடம், “உன் முறை எங்கயும் போகாதுப்பா, ரெண்டு நாள் தள்ளிதான் வருது” என்பேன். அவனுக்கும் அதே அளவு தண்ணீர்தான் என்று எனக்குக் கணக்கு. பயிருக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதற்குத் தாகம் எடுத்த அன்றைக்குத் தண்ணீர் வேண்டும்.

இங்கேதான் மூன்றாவது வாக்குமூலம் வருகிறது. இது மற்ற இரண்டைப் போலச் சிரிப்பதற்கு அல்ல.

என் ஆபீசில் சாந்தி என்று ஓர் உதவியாளர் இருப்பது உனக்குத் தெரியும். உன் பத்தாம் வகுப்பு விண்ணப்பத்தைக்கூட அவர்தான் நிரப்பிக் கொடுத்தார். எனக்கு அடுத்த சூப்பிரண்டு அவர்தான். என்னைவிட ஐந்தே மாதம் சின்னவர். நான் ஐம்பத்தெட்டில் போனால் அவருக்கு அந்த நாற்காலியில் ஐந்து மாதம் கிடைத்திருக்கும். அவர் வீட்டுக்காரர் சாயங்காலம் டீக்கடையில் ஸ்கூட்டரோடு காத்திருப்பார். உடம்பு சரியில்லாதவர், ஆனால் வாய் என் வாய்க்குச் சமம். “சார், நீங்க எப்ப எழுந்திரிப்பீங்க? சூப்பிரண்டு வீட்டுக்காரர்னு நாலு பேரு என்னைச் சொல்ல நான் கேக்கணும் சார்” என்பார். “உம்ம பொஞ்சாதிக்குத்தான் இந்தச் சீட்டு, நான் சும்மா துண்டு போட்டு வச்சிருக்கேன்” என்பேன். பிறகு ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்பது ஆயிற்று. ஐம்பத்தொன்பது அறுபது ஆயிற்று.

அறுபதாக்கிய உத்தரவு வந்த அன்று நான் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி ஆபீஸ் முழுக்க, மேசை மேசையாக, என் கையாலேயே கொடுத்தேன். அப்போது கொரோனாவில் விமானமெல்லாம் நின்று, நீ இங்கே மாடி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குக்கூட ஒன்று கொண்டுவந்தேன். சாந்தியிடம் நீட்டியபோது அவர் பாதியைத் தின்றார். மீதியை ஒரு பழைய முறைப் பட்டியல் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தார். “வாழ்த்துகள் சார்” என்றார். முகம் எப்படியோ இருந்தது. நான் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல, “ஏம்மா, உனக்கும்தான் ரெண்டு வருஷம் கூடுது. அப்பவும் அஞ்சு மாசம், இப்பவும் அஞ்சு மாசம். யாருக்கு நட்டம்?” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் வீட்டுக்காரர் போய்விட்டார். டீக்கடையில் இப்போது ஸ்கூட்டர் இல்லை. இந்த மாதக் கடைசியில் நான் எழுந்திருப்பேன். சாந்திக்கு அவருடைய ஐந்து மாதம் முறைப்படி கிடைக்கும். ‘சூப்பிரண்டு வீட்டுக்காரர்’ என்று நாலு பேர் சொல்லக் கேட்க ஆசைப்பட்ட ஆள்தான் இல்லை.

போனில் நீ மௌனமானாயே, அப்போது எனக்குத் தெரிந்தது அந்த ஜாங்கிரி முகம்தான். அதே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி சும்மா இருந்தீர்கள். அந்த முகத்தை நான் ஒருநாளும் மறக்க முடியாது. உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற ஒரே புத்திமதியும் அந்த முகத்திலிருந்து கற்றதுதான்: நீ அந்தப் பெரியவரின் நாற்காலியில் ஒருநாள் உட்காருவாய். உட்கார்ந்த பிறகு, பக்கத்துச் சீட்டில் இருக்கிற பெண்ணின் முகத்தைப் பார். புளியோதரை கொடு, வேண்டாமென்று சொல்லவில்லை. கொடுக்கும்போது முகத்தைப் பார்.

கல்யாணத்தை மூன்றாம் முறையும் தள்ளாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் ‘சரிங்க’வுக்கு இனி நீளம் இல்லை என்று எழுத நினைத்தேன். உன் அம்மா பின்னால் நின்று படித்துவிட்டு, “நீங்க சும்மா இருங்க. தோள்பட்டையும் அவளோடது, வயிறும் அவளோடது. ரெண்டுல எது முதல்லன்னு சொல்ல நீங்க யாரு, மதகுக்காரரா?” என்றாள். ஆகவே அதை எழுதவில்லை. தள்ளிப்போடு என்றும் எழுதவில்லை. எனக்குத் தெரியாது மதி. எதற்கும் ஓர் ஆளைத் தெரிந்துவைத்திருந்த உன் அப்பனுக்கு, இதற்கு ஒருவரையும் தெரியவில்லை.

பத்திரிகையில் ஒட்டுவதற்கு வெள்ளைத் தாளைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன். ‘கேப்டன்’ மேல் ஒட்டவா, தேதி மேல் ஒட்டவா என்று மட்டும் சொல். கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நானே பஸ் ஏறிப் போய் என் கையாலேயே ஒட்டிவிட்டு வருகிறேன். திருப்பனந்தாளுக்குக் கடைசியாகப் போகிறேன்.

உன் அப்பா

இந்தப் பத்தி மட்டும் மண்புழு எழுத்தில் இருக்கும், பொறுத்துக்கொள். மேலே உள்ளதையெல்லாம் டைப் அடித்தது சாந்திதான். எங்கள் ஆபீசில் தமிழ் டைப் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நேரில் மன்னிப்புக் கேட்கத் துப்பில்லாமல், அவர் படிக்கட்டும் என்றுதான் கொடுத்தேன் என்றும் வைத்துக்கொள். மத்தியானம் முழுக்க அடித்தார். முகத்தைப் பார்த்தேன்; ஒன்றும் தெரியவில்லை. கொண்டுவந்து கொடுத்தபோது, “எழுத்துப் பிழை ரெண்டு இருந்துச்சு சார், திருத்திட்டேன். இன்னொண்ணு இருக்கு, அதைத் திருத்தணுமான்னு தெரியல, அப்படியே விட்டுட்டேன்” என்றார். என்னவென்று கேட்டேன்.

“ஜாங்கிரி குடுத்த அன்னைக்கு நான் லீவு சார்.”